இயன் மக்காய்: ஒரு பங்க் இசைக்கலைஞர் வாழ்க்கையில் எதைப் பெரிதாக நினைக்கிறார்?

நிழல்மரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஃபுகாசி என்ற அமெரிக்க பங்க் இசைக்குழுவின் இசைத்தட்டுகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். அந்த ஆர்வத்தில், குழுவின் முதன்மைப் பாடகர் இருவரில் ஒருவரும் கிட்டார் கலைஞருமான இயன் மக்காயின் நேர்காணல்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1962இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர், பள்ளிப் பருவத்திலேயே பங்க் இசைக்குள் வந்தவர், 1980இல் நண்பர்களோடு தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தை இன்றுவரை விடாமல் நடத்திவருபவர் என்ற அளவில் அவருடைய வரலாறு எனக்குத் தெரியும். எனக்குப் பிடிபடாமல் இருப்பது அவருடைய பார்வை.

வாழ்க்கையில் எது முக்கியம், கலை எதற்காக என்று கேட்டால் பெரும்பாலான கலைஞர்கள் விடுதலை, உண்மை, அன்பு என்று பெரிய சொற்களை நாடுவார்கள். மக்காயோ நுழைவுச்சீட்டின் விலை ஐந்து டாலராக இருக்க வேண்டும் என்றும், எந்த வயதினரும் அரங்கத்துக்குள் வர முடிய வேண்டும் என்றும், நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் குழுவின் பெயர் பொறித்த சட்டை விற்கத் தேவையில்லை என்றும் நடைமுறை விவரங்களைப் பற்றியே பேசுகிறார். தொடக்கத்தில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு கூர்மையாகப் பாட்டு எழுதுகிறவர், கேள்வி என்று வரும்போது ஏன் கணக்குவழக்குக்குள் ஒதுங்குகிறார் என்று தோன்றியது. பிறகு, இந்த விவரங்களில்தான் அவர் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்குத்தான் அது கேட்கவில்லையோ என்ற ஐயம் வந்துவிட்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மது, புகை, போதைப்பொருள் வேண்டாம் என்று அவர் தம் பத்தொன்பதாம் வயதில் பாடிய ஒரு பாடலிலிருந்துதான் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற இயக்கமே பிறந்தது. ஆனால் அந்த இயக்கத்துக்குத் தாம் தலைவர் இல்லை, அதைத் தொடங்க எண்ணியதும் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தான் நம்புவதை ஊரறியப் பாடிவிட்டு, பிறரை என் பின்னால் வரச் சொல்லவில்லை என்று ஒருவர் கூற முடியுமா? மறுப்புகளின் மேலேயே கட்டப்பட்ட ஒரு வாழ்க்கைப் பார்வை எவ்வளவு தூரம் தாங்கும்? அவரை நெடுநாளாகப் படித்தவர்களும் கேட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிநாடா எழுதியது:

வணக்கம் நிழல்மரம். நான் மக்காயின் பதிவுகளை நெடுங்காலமாகக் கேட்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பங்க் என்றால் என்ன என்பதற்கு அவர் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே விளக்கத்தைத்தான் சொல்லிவருகிறார். லாபம் என்ற வடிகட்டியின் வழியே போகாமல் புதிய எண்ணங்களை முன்வைக்க முடிகிற ஒரு திறந்த வெளிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது. கிட்டாரின் இரைச்சலோ, உடையோ, தலைமுடியோ அந்த விளக்கத்தில் இடம்பெறுவதில்லை. புதிய எண்ணத்துக்குத் தொடக்கத்தில் கேட்பவர்கள் இருக்கமாட்டார்கள், ஆகவே வாங்குபவர்களும் இருக்கமாட்டார்கள். வாங்குபவர்கள் இல்லாத ஒன்றுக்கு வணிகம் இடம் தராது. எனவே அந்த இடத்தை யாராவது தங்கள் உழைப்பால் உண்டாக்கிக் காத்தால்தான் உண்டு. அவர் பேசும் விலை, வயது, ஒப்பந்தம் எல்லாமே அந்த இடத்தைக் காப்பது எப்படி என்ற ஒரே கேள்விக்குச் சொல்லும் விடைகள். அவரைப் பொறுத்தவரை ஒரு நிகழ்ச்சியின் வாசலில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பது, மேடையில் என்ன பாடப்படுகிறது என்பதற்கு இணையான கலாசாரச் செயல். இதை ஏற்காதவர்கள் இருக்கலாம். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய நேர்காணல்களைக் கேட்டால் அவர் விடையைத் தவிர்ப்பது போலத்தான் தோன்றும்.

அவர் முதன்முதலாக அந்த வெளியைக் கண்டது எங்கே என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையம், அதன் அரசியலும் இசைத் தேர்வும் நிர்வாகத்துக்கு ஒத்துவராமல் போனதால் 1979இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் அலைவரிசை ஒரே ஒரு டாலருக்கு வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொடுக்கப்பட்டது. அந்த நிலையத்துக்கு ஆதரவாகப் பிப்ரவரி மாதம் தி கிராம்ப்ஸ் குழு வாசித்த நிகழ்ச்சிக்குத்தான் மக்காய் போனார். அதற்கு முன்பு அவர் பெரிய அரங்குகளில் ராக் இசை கேட்ட ஒரு சாதாரண ரசிகர். இசைக்கலைஞர் ஆவது தமக்கு எட்டாத காரியம் என்று நினைத்திருந்தவர். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த விதவிதமான மனிதர்களையும், மேடைக்கும் தரைக்கும் இடையில் தூரமே இல்லாமல் இருந்ததையும் கண்டதுதான் தம்மை மாற்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார். பிடிக்காத நிர்வாகம் நினைத்தால் ஒரு டாலருக்குக் கைமாற்றிவிடக்கூடிய அளவுக்கு அந்த வெளி எளிதில் பறிபோகும் என்பதையும் அவருடைய தலைமுறை அதே நிகழ்வில் கற்றுக்கொண்டது என்பது என் கருத்து.

அடுத்து, மக்காய் பள்ளிப் பருவத்தில் இருந்த டீன் ஐடில்ஸ் குழு. அவர்கள் பள்ளி மாணவர்கள். நிகழ்ச்சிகளில் கிடைத்த பணத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளாமல் ஒரு பெட்டியில் போட்டுவைத்தார்கள். 1980இன் இறுதியில் குழு கலைந்தபோது அதில் சுமார் 600 டாலர் இருந்தது. அதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதா, அல்லது குழு இருந்ததற்கு அடையாளமாக ஓர் இசைத்தட்டு வெளியிடுவதா என்ற கேள்வி எழுந்தது. இசைத்தட்டு என்று முடிவானது. அதை வெளியிடுவதற்காகத் தொடங்கப்பட்டதுதான் டிஸ்கார்ட். ஏழு அங்குல இசைத்தட்டுக்கு உறை செய்வது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. எனவே இங்கிலாந்தில் அச்சான ஓர் இசைத்தட்டின் உறையை எடுத்து, ஒட்டியிருந்த ஓரங்களைப் பிரித்துத் தட்டையாக விரித்து, அதன் விளிம்பைத் தாளில் வரைந்துகொண்டார்கள். அந்த வடிவத்தில் தாள்களை அச்சடித்து வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி, பாடல் வரிகள் அச்சிட்ட தாளை உள்ளே செருகினார்கள். முதல் பதிப்பு ஆயிரம் தட்டுகள். அடுத்து வந்த வெளியீடுகளுக்கும் இதே வேலைதான். நண்பர்கள் கூடி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் உறை ஒட்டியிருக்கிறார்கள். உறை ஒட்டும் கைக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை என்று நீங்களும் நானும் நினைக்கலாம். மக்காய் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாடல் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்ச் சேரும் வழி முழுவதையும் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுப்பை விலைக்கு விட்டுவிட்டால் பாடலில் சொன்னதையும் சேர்த்து விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதே அவருடைய வாதம்.

வயதைப் பற்றி அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதற்கும் அதே வாதம்தான் அடிப்படை. அமெரிக்காவில் சிறிய குழுக்கள் வாசிக்கும் இடங்கள் பெரும்பாலும் மதுக்கூடங்கள். அங்கே இசை என்பது மது விற்பனைக்குத் துணையாக இருக்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட எத்தனை பேர் குடித்தார்கள் என்பதுதான் உரிமையாளரின் கணக்கு. 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு குடிப்பதற்கான வயது நாடு முழுவதும் 21 ஆனது. இசை மதுவோடு கட்டப்பட்டிருக்கும் வரை, இசை ஒருவரின் வாழ்க்கையையே திருப்பிப்போடக்கூடிய பதினைந்து, பதினாறு வயதில் அவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். டீன் ஐடில்ஸ் 1980இல் கலிபோர்னியாவுக்குப் போனபோது, சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் அரங்கத்தில் வயது குறைந்தவர்களின் கையில் பெருக்கல் குறி போட்டு, அவர்களுக்கு மது தரக்கூடாது என்ற அடையாளத்தோடு உள்ளே விட்டார்கள். அந்த ஏற்பாட்டை இவர்கள் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து, எங்களை உள்ளே விடுங்கள், நாங்கள் குடிக்கமாட்டோம் என்று அரங்க உரிமையாளர்களிடம் கேட்டார்கள். பிற்காலத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இயக்கத்தின் சின்னமாக மாறிய அந்தக் குறி தொடக்கத்தில் உள்ளே வருவதற்கான சீட்டாகத்தான் இருந்தது. விலக்குவதற்காக வந்த குறி இல்லை அது; சேர்த்துக்கொள்வதற்காக வந்தது. உங்கள் இரண்டாவது கேள்வியை யோசிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

ஃபுகாசி வந்தபோது இந்தக் கொள்கைகள் முழு வடிவம் பெற்றுவிட்டன. 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்கள், பல வெளிநாடுகள். நுழைவுச்சீட்டு பெரும்பாலும் ஐந்து டாலர். மேலாளர் கிடையாது, நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் வேலையை மக்காயே தொலைபேசியில் பேசிச் செய்தார். அவர்கள் சந்தையில் என்ன விலை போகிறது என்று பார்க்கவில்லை. வண்டிக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தங்குவதற்கு யார் வீடு என்று தங்கள் செலவைக் கணக்கிட்டு, அதை ஈடுகட்ட எவ்வளவு போதும் என்று பார்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்தில் பெருந்தொகையோடு வந்தபோதும் ஃபுகாசி டிஸ்கார்டை விட்டுப் போகவில்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். நிகழ்ச்சியின் நடுவே முன்வரிசையில் சிலர் மற்றவர்களை அடித்து மோதி ஆடத் தொடங்கினால் குழு வாசிப்பதை நிறுத்திவிடும். மக்காயோ சக பாடகர் கை பிச்சியோட்டோவோ ஒலிவாங்கியில் அந்த நபரிடம் நேரடியாக, மரியாதையாகப் பேசுவார்கள். அவர் கேட்காவிட்டால், ஐந்து டாலர் நோட்டு வைத்து முன்கூட்டியே தயாராக இருக்கும் ஓர் உறையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த உறையைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நீ கட்டிய பணத்தை உன்னிடம் திருப்பித் தந்துவிட்டோம், இனி இந்த இடத்தின் மீது உனக்கு உரிமை கோர எதுவும் இல்லை என்று சொல்லாமல் சொல்கிற ஏற்பாடு அது. பணம் கட்டியவனுக்கு எதையும் செய்யும் உரிமை உண்டு என்ற நினைப்பை இதைவிட நேராக எதிர்கொண்ட இசைக்குழுவை நான் கண்டதில்லை.

பின்வரிசை எழுதியது:

ஒலிநாடா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் மக்காயைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் அவரை ஒரு துறவியைப் போல நிறுத்திவிடுகிற பழக்கம் இருக்கிறது. அது அவருக்கும் நல்லதில்லை, அவரிடமிருந்து கற்க நினைப்பவர்களுக்கும் நல்லதில்லை. சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஐந்து டாலருக்கு வாசிப்பதற்கும் ஓர் அடித்தளம் வேண்டும். மக்காயின் தந்தை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். வீட்டின் அடித்தளத்தில் சத்தமாகப் பயிற்சி செய்ய அனுமதிக்கிற பெற்றோர், படித்த நடுத்தரக் குடும்பச் சூழல், நண்பர்களோடு வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் குறைந்த வாடகையில் எடுக்க முடிந்த வீடு இவையெல்லாம் அந்தக் கொள்கைக்கு அடியில் இருந்தன. இதனால் கொள்கை பொய்யாகிவிடாது. ஆனால் அதே கொள்கையைக் கடைப்பிடிக்க முடியாத ஏழைக் கலைஞனை விலைபோனவன் என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அந்தச் சொல்லை ரசிகர்கள் மிக எளிதாக வீசினார்கள்.

இரண்டாவது, அந்த நகரத்தின் வெள்ளையரான இந்த இளைஞர்களுக்கு வேகம் என்றால் என்ன, மேடையில் முழு மனதோடு நிற்பது என்றால் என்ன என்று காட்டியவர்கள் பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பின இசைக்குழுவினர். மக்காயே இதை ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்கிறார்; ஆனால் அவரைக் கொண்டாடும் கட்டுரைகளில் அது ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஃபுகாசிக்கு முன்பு மக்காய் பாடிய மைனர் த்ரெட் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை. வெள்ளையனாகப் பிறந்ததற்காகவே தன்னைக் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள் என்று அதில் ஒரு பையன் குமுறுகிறான். கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் தமக்கு நேர்ந்ததை வைத்து இனவெறிக்கு எதிராகத்தான் அதை எழுதியதாக மக்காய் விளக்கியிருக்கிறார். அவருடைய எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இனவெறியர்கள் அந்தப் பாடலைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 1996இல் ஸ்லேயர் என்ற மெட்டல் இசைக்குழு அதை மறுபதிவு செய்தபோது கடைசி வரியில் ஒரு சொல்லை மாற்றி, அவர் வெறுக்கும் பொருளையே அதில் ஏற்றிவிட்டது. ஒரு பாடல் போய்ச் சேரும் வழி முழுவதும் என் பொறுப்பு என்று கருதுகிறவருக்கு இது மிகவும் வலித்திருக்க வேண்டும். பொறுப்பு எவ்வளவு எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை இந்தப் பாடலின் வரலாறு காட்டுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. எல்லா வயதினருக்கும் திறந்த வாசல் என்று சொல்கிறோம். உள்ளே நுழைந்த பெண்கள் எங்கே நின்றார்கள்? 1980களின் தொடக்கத்தில் ஹார்ட்கோர் எனப்படும் அதிவேக பங்க் இசை நிகழ்ச்சிகளின் முன்வரிசை ஆண்களின் உடல்களால் நிரம்பிய இடம். பெண்கள் ஓரத்தில் நின்று நண்பர்களின் சட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தக் காலத்தைச் சேர்ந்த பெண்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். 1991இல் பிகினி கில் என்ற பெண்ணிய பங்க் குழு வாஷிங்டனுக்கு வந்து, அதன் பாடகி கேத்லீன் ஹன்னா பெண்களை முன்வரிசைக்கு வரச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி தவிர்க்க முடியாததாக ஆனது. வாசலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, உள்ளே தரை யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1990களில் சால்ட் லேக் சிட்டியில் அந்தப் பெயரைச் சுமந்த சிலர், புகைபிடிப்பவர்களையும் குடிப்பவர்களையும் அடித்தார்கள். காவல்துறை அவர்களை ஒரு வன்முறைக் கும்பலாகவே வகைப்படுத்தியது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று பாடலாசிரியர் கூறுவது உண்மை. ஆனால் வயதில் சிறியவர்கள் கூடியிருக்கும் அறையில், ஒலிபெருக்கியின் முன்னால் நின்று முழுக் குரலில் பாடப்படும் ஒன்று அறிவுரையாகக் கேட்கும் என்பதும் உண்மை.

மூன்றாம்நரம்பு எழுதியது:

நான் மேடையில் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும். சட்டை விற்காமல் இருப்பது ஃபுகாசியால் முடிந்தது, ஏனென்றால் அவர்களுடைய இசைத்தட்டுகள் பெரும் எண்ணிக்கையில் விற்றன. இன்று இணையவழியில் பாட்டுக் கேட்பதால் ஒரு சிறிய குழுவுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அன்றைய எரிபொருள் செலவு சட்டை விற்ற பணத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே மக்காயின் விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் வாழ முடியாது. அவருடைய கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்: எனக்கு எவ்வளவு போதும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் விலையைப் பற்றி யோசிக்கிறேன்.

இதே நேர்மையை வேறு வடிவத்தில் கடைப்பிடித்தவர் சிகாகோவின் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி. 1993இல் நிர்வாணா குழுவின் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்கு ஒருமுறை ஊதியம் போதும் என்றார். ஒரு குழாய்ப் பணியாளருக்குத் தருவதைப் போலத் தமக்கும் தந்தால் போதும் என்பது அவருடைய நிலைப்பாடு. லட்சக்கணக்கில் விற்ற அந்தத் தொகுப்பின் பங்குத்தொகையை அவர் கடைசிவரை வாங்கவில்லை. அவர் மக்காயைப் போலப் பெரிய நிறுவனங்களிலிருந்து விலகி நிற்கவில்லை. அவர்களோடும் வேலை செய்தார், தமது விதிப்படி. இரண்டு வழிகளும் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒலிநாடா எழுதியது:

பின்வரிசை சொன்ன மூன்றாவது கருத்து மிகச் சரியானது. அதைத் தொட்டே மேலும் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மக்காயின் பார்வை 1981இல் உறைந்துவிடவில்லை.

1980களின் நடுவில் வாஷிங்டனின் ஹார்ட்கோர் நிகழ்ச்சிகள் சண்டைக்களமாக மாறிவிட்டிருந்தன. தாம் உருவாக்கிய வெளியிலேயே தமக்கு இடமில்லை என்று உணர்ந்த மக்காயும் நண்பர்களும் அதை விட்டு விலகி, 1985ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் புதிய குழுக்களோடு, புதிய இசையோடு, மோதி ஆடும் வழக்கத்துக்கு இடம் தராத நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்கள். அதைத் தூண்டியவர்களில் முதன்மையானவர் டிஸ்கார்டில் பணியாற்றிய ஒரு பெண். அதே கோடையில் இவர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் கூடி, இனஒதுக்கல் ஆட்சிக்கு எதிராகப் பறைகளையும் வாளிகளையும் தட்டி முழங்கினார்கள். பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பும் அந்த ஆண்டில்தான் வாஷிங்டனில் தோன்றியது. ஃபுகாசி தன் சொந்த நகரத்தில் நடத்திய நிகழ்ச்சிகள் ஏறத்தாழ எல்லாமே அந்த அமைப்போடு சேர்ந்து நிதி திரட்டியவையாகவோ, இலவச நிகழ்ச்சிகளாகவோ, போராட்டங்களாகவோ இருந்தன. 1990 டிசம்பரில் லார்ட்டன் சிறைச்சாலையில் கைதிகளுக்காக வாசித்தார்கள். 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள். பிகினி கில் குழுவின் முதல் வினைல் வெளியீட்டுக்கான பாடல்கள் பலவற்றை ஆர்லிங்டனின் இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்ய உதவியவரும் மக்காய்தான்.

எனவே இது மறுப்புகளின் மேல் கட்டிய பார்வை என்று நிழல்மரம் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறுப்பு கண்ணுக்கு எளிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் எழுத மறுத்தார் என்பார்கள். டிஸ்கார்ட் தன் குழுக்களோடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாய்ச்சொல்லை நம்பிக் கணக்குத் தீர்த்துவருகிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். உலகெங்கிலுமிருந்து வந்த குழுக்களை ஏற்க மறுத்தார் என்பார்கள். தம் நகரத்தின் குழுக்களை மட்டுமே வெளியிடுவது என்ற முடிவால், ஒரு நகரத்தின் ஒரு தலைமுறை இசை சிதறாமல் ஒரே இடத்தில் பதிவாகி நிற்பதைப் பார்க்கமாட்டார்கள்.

ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பற்றி: அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியவர்கள் அவருடைய மைனர் த்ரெட் குழுவினரே. நாம் பிறருக்கு விதி வகுப்பது போல இது ஒலிக்கிறது என்று டிரம்ஸ் கலைஞர் ஜெஃப் நெல்சன் வாதிட்டார். 1983இல் அந்தப் பாடல்களில் ஒன்றை மீண்டும் பதிவு செய்தபோது, மக்காய் இசைக்கு நடுவே பேச்சுக்குரலில், இவை விதிகள் இல்லை, உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை என்ற பொருளில் விளக்கம் சொல்கிறார். ஒரு பாடகர் தம் பாடலை நிறுத்திவைத்து அதன் எல்லையைத் தாமே வரைவது அபூர்வம். அது போதவில்லை என்பதைப் பின்வரிசை காட்டிய வரலாறு நிரூபிக்கிறது. ஆனால் அவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. போதை கூடாது என்பதைவிட, கூட்டத்தோடு சேர்வதற்கு விலையாகப் போதையைக் கேட்கும் வழக்கத்தைத்தான் அவர் எதிர்த்தார் என்று நான் படிக்கிறேன். அதே எதிர்ப்பைத் தம்மைப் பின்பற்றிய கூட்டத்தின் மீதும் திருப்பினார் என்பதால்தான் அவர் சொல்லை நம்புகிறேன்.

நிழல்மரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பணத்தைத் திருப்பித் தரும் அந்த உறையும், உள்ளே தரை யாருடையது என்ற கேள்வியும் என்னை விட்டுப் போகாது. மூன்றாம்நரம்பு சொன்ன, போதும் என்பதிலிருந்து தொடங்கும் கணக்கையும் குறித்துக்கொண்டேன். கறுப்பினக் குழுவுக்கு அந்த இளைஞர்கள் பட்டிருந்த கடனைப் பற்றி நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. பேட் பிரெய்ன்ஸ் இசையை இனிக் கேட்கத் தொடங்குவேன்.

இறுதியாக ஒன்று. அவருடைய பார்வையை நேர்காணல்கள் வழியாகப் பார்க்காமல், நடைமுறையில் பார்க்க வேண்டுமானால் எதிலிருந்து தொடங்குவது?

ஒலிநாடா எழுதியது:

நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஃபுகாசியின் நிகழ்ச்சிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலிப்பொறியாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரில் டிஸ்கார்ட் அவற்றைப் படிப்படியாக இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் பரிந்துரைத்த விலை அதே ஐந்து டாலர். விரும்பினால் ஒரு டாலரும் தரலாம், நூறு டாலரும் தரலாம் என்று வைத்தார்கள். நன்றாக வாசித்த இரவுகளை மட்டும் பொறுக்கித் தராமல், தந்தி அறுந்த இரவு, மின்சாரம் போன இரவு, குழுவுக்கே பிடிக்காமல் போன இரவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பதில் அவருடைய குணம் தெரிகிறது. கடிதம், துண்டறிக்கை, ஒலிநாடா என்று எதையும் எறியாமல் வைத்திருக்கும் பழக்கத்துக்காக, 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே அவரை அழைத்து ஆவணங்களைப் பேணுவது பற்றிப் பேசச் சொன்னது.

முதலில் 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனின் வில்சன் சென்டரில் நடந்த முதல் நிகழ்ச்சியையும், பிறகு 2002 நவம்பர் 4 அன்று லண்டனில் நடந்த கடைசி நிகழ்ச்சியையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பாடல்களுக்கு இடையே அவர் கூட்டத்தோடு பேசும் பகுதிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீங்கள் தேடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின்வரிசை, பிகினி கில் குழுவின் அந்தக் காலத்துப் பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம் என்று நீங்கள் சொன்னால் நிழல்மரத்துக்கு உதவியாக இருக்கும்.

பின்வரிசை எழுதியது:

மக்காய் பதிவு செய்த பாடல்கள் இடம்பெறும், 1992இல் வெளிவந்த முதல் குறுந்தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பாடல்கள்தான். அதில் நேரடி மேடைப் பதிவும் ஒன்று இருக்கிறது. முதலில் அதைக் கேட்டுவிட்டு, அதே ஆண்டுகளில் ஃபுகாசி மேடையிலிருந்து முன்வரிசையோடு பேசியதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நகரத்தின் அரங்குகளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், முன்வரிசையைப் பற்றி இரு தரப்பும் என்ன கேட்டார்கள் என்பது தெரியும்.